மூண்டு கிழமை பொறுத்திருந்தன்

போன வருஷம் ஆவணியில மட்டக்களப்பு கல்லடியில ஒரு கல்யாண வீடு. பந்தியில எனக்குப் பக்கத்தில வந்து இருந்தவர் தூரத்து உறவில ஒரு மாமா, பேங்கில வேலை செஞ்சு பென்சன் எடுத்தவர். பருப்புக்கறிய ஊத்திக்கிட்டே, "மனே, நீதான்டா கெட்டிக்காரன், ஊரெல்லாம் பெற்றோலுக்கு லைன்ல நிண்ட நேரம் நீ படுவான்கரையில ரெண்டு ஏக்கர அமத்திட்டாயாமே, இப்ப அதுக்கு என்ன விலை தெரியுமா" எண்டு கேட்டு முதுகில ஒரு தட்டுத் தட்டினார். நானும் சிரிச்சன். சிரிச்சிட்டு அப்பளத்த உடைச்சன். யாரிட்ட வாங்கினனான், எப்பிடி வாங்கினனான் எண்டு மாமாக்குத் தெரியா. தெரிஞ்சாலும் தட்டியிருப்பார் எண்டுதான் நினைக்கிறன், அதுதான் எனக்குப் பிரச்சினை. வீட்ட வந்து படுத்தும் நித்திரை வரல்ல.

இத எழுதணும் எண்டு ஒரு வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கன். எங்க தொடங்கிறது எண்டுதான் தெரியல்ல. காணியில தொடங்கினா சொந்தக்காரர்ர வழக்கு மாதிரிப் போகும். அதால அமெரிக்காவில இருக்கிற முதலீட்டாளர் மோனிஷ் பப்ராயில தொடங்கிறன், ஏனெண்டா அந்தக் காணிய நான் வாங்கினது அந்த மனிசன்ட மூளையாலதான், குறைஞ்சது அப்பிடித்தான் நான் அந்த நேரம் நினைச்சுக்கிட்டன்.

2020 கொரோனா ஊரடங்குக்குள்ள டியூஷன் எல்லாம் மூடி, நான் வர்த்தகமும் கணக்கீடும் படிப்பிக்கிற ஆள், ஸூம்ல நாலு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்திட்டு மிச்ச நேரம் முழுக்க யூடியூப்தான். அதில ஒரு நாள் இந்தியச் சாயலில ஒரு மனிசன், மீசையோட, அவசரமே இல்லாமச் சிரிச்சுச் சிரிச்சுக் காசைப் பத்திப் பேசுறார். அதுக்கு முன்னம் பங்குச் சந்தை எண்டா சூட் போட்ட ஆக்கள் கத்துற இடம் எண்டுதான் எனக்கு இருந்திச்சு. இவர் பின்னேரத்தில படுத்து நித்திரை கொள்ளுறதாம், ஒபிசில அனலிஸ்ட் எண்டு ஒருத்தரும் இல்லையாம், வருஷத்துக்கு ஒண்டு ரெண்டு முடிவு எடுத்தாக் காணுமாம். எங்கட ஊர்ப் பெரிய காணிக்காரப் போடியார்மார் சாய்மனைக் கதிரையில சாஞ்சுகிட்டு வேளாண்மை செஞ்ச மாதிரிதான் இருந்திச்சு. உடன பிடிச்சுப் போச்சு.

ஆளிட கதையும் பிடிச்சுது. 1964ல பம்பாயில பிறந்தவர். தகப்பன் ஒண்டு மாறி ஒண்டாக் கம்பனி தொடங்குவாராம், நல்லா வளர்ப்பாராம், மறுகா கையில காசில்லாம வங்குரோத்தாகிடுவாராம், திரும்பச் சுழியத்தில இருந்து இன்னொண்டு. அந்த வீட்டில வளர்ந்ததால பள்ளிக்கூடம் போற வயசிலயே நாளைக்குக் கடைய எப்பிடித் திறக்கிறது எண்டு தகப்பனோட இருந்து யோசிச்சிருக்கார். 1983ல அமெரிக்காக்குப் படிக்கப் போறார், சவுத் கரோலைனாவில கிளெம்சன் பல்கலைக்கழகம், கம்பியூட்டர் எஞ்சினியரிங். பிறகு சிக்காகோப் பக்கம் டெலாப்ஸ் எண்ட டெலிகொம் கம்பனியில வேலை. வேலையில இருந்துகிட்டே டிரான்ஸ்டெக் எண்டு சொந்தமா ஒரு ஐடி கம்பனி தொடங்குறார், அதுக்குப் போட்ட முதல் எங்கால எண்டா ஓய்வூதியக் கணக்கில இருந்த 30,000 டொலரும் கிரெடிட் கார்டுகள்ல எடுத்த 70,000 டொலரும். கிரெடிட் கார்ட் கடனில கம்பனி! எங்கட வகுப்பில ஒரு பிள்ளை இப்பிடி விடை எழுதினா நான் சிவப்புப் பேனையால கீறியிருப்பன். ஆனா அவர்ர கணக்கு வேற. கவுண்டா வங்குரோத்துப் போட்டிட்டுத் திரும்ப வேலைக்குப் போவன், எனக்கு இன்னும் முப்பது வயசாகல்ல, வீடில்ல, இழக்கிறதுக்கு என்ன இருக்கு எண்டு. கவுழல்ல. 2000ல அத 20 மில்லியன் டொலருக்கு வித்தார். அதுக்கு முதல் வருஷமே கூட்டாளிமார்ர காசையும் சேர்த்து ஒரு மில்லியன் டொலரளவில முதலீட்டு நிதியத்தையும் தொடங்கிட்டார்.

இங்க ஒரு விசயம் சொல்லணும். இந்த "கவுண்டா வங்குரோத்துப் போடுவன்" எண்டது எங்கட ஊருக்கு வராது. இஞ்ச ஒருத்தன் கடன் கட்டாட்டி, பிணை நிண்ட ரெண்டு பேர்ர வீட்டு வாசலிலதான் மோட்டர் சைக்கிள் வந்து நிக்கும். நுண்கடன் குழுவில அஞ்சு பொம்பிளையள்ல ஒராள் தவறினா மத்த நாலு பேரும் கட்டணும், அந்தக் கிழமை கட்டிற நாளில எத்தினை வீடு கதவு சாத்தியிருக்கும் எண்டு இந்தப் பக்கத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அதால பப்ராய் சொல்லுற "தலை விழுந்தா எனக்கு வெற்றி, பூ விழுந்தாப் பெரிய நட்டமில்ல" எண்டதக் கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது எந்த நாட்டு நாணயக் குத்தியச் சுண்டுறம் எண்டதிலயும் இருக்கு. இத நான் அப்ப யோசிக்கல்ல. நோட்புக்கில எழுதி வைச்சன்.

பட்டேல்மார்ர மோட்டல்

அவர் அடிக்கடி சொல்லுற கதை ஒண்டு இருக்கு, 2007ல எழுதின புத்தகத்தையும் அதிலதான் தொடங்குறார். 1972 ஆவணியில உகண்டாவில இடி அமீன் ஆசியாக்காரருக்கு 90 நாள் தவணை குடுக்கிறான், நாட்ட விட்டுப் போங்க எண்டு. தலைமுறை தலைமுறையாக் கடையும் ஆலையும் வைச்சிருந்த குஜராத்தி ஆக்கள், வாங்குறதுக்கு ஆளே இல்லாத சந்தையில எல்லாத்தையும் போட்டிட்டுப் போகணும். கொஞ்சப் பேர் அமெரிக்காவில வந்து இறங்குறாங்க. அடுத்த வருஷம் எண்ணெய் நெருக்கடி. வாகனம் ஓடாது, ரோட்டோரத்து மோட்டலுக்கு ஆள் வராது, மோட்டல் விலை விழுகுது. பட்டேல் குடும்பம் ஒண்டு கொஞ்சக் காச முதலாப் போட்டு மிச்சத்த பேங்கில எடுத்து ஒரு சின்ன மோட்டல வாங்கி, அதில ரெண்டு அறையில தாங்களே இருந்து, மனிசி பிள்ளையள் எல்லாரும் சேர்ந்து கட்டில் விரிச்சு, கக்கூஸ் கழுவி, சம்பளத்துக்கு ஆள் வைக்காம, பக்கத்து மோட்டல விட அறை வாடகையக் குறைச்சு... இண்டைக்கு அமெரிக்காவில இருக்கிற மோட்டல்ல பாதியளவு அந்த ஆக்களிட கையில. குஜராத்தியில இதுக்குத்தான் தந்தோ எண்டு பேர், எங்கட பாஷையில யாவாரம் எண்டு வையுங்களன்.

நல்ல கதை. நான் வகுப்பில கூடச் சொல்லியிருக்கன். ஆனா இப்ப அத நினைக்கிறப்ப ஒரு இடம் உறுத்துது. கம்பாலாவில அந்தப் பட்டேல்ட கடைய யார் எடுத்தான்? எடுத்தவனுக்கு அது எவ்வளவு மலிவு! பிறகு அமெரிக்காவில அந்த மோட்டல வித்தவன் யார்? அவனும் மனிசி பிள்ளையோட அந்த ரோட்டோரத்தில இருபது வருஷம் கட்டில் விரிச்சவனா இருக்கலாம், பெற்றோல் இல்லாததால கடன் கட்ட ஏலாமப் போய் பேங்க் வந்து நிண்டிருக்கலாம். கதையில அவன் இல்ல. பட்டேலுக்கு ஒருக்கா அநியாயம் நடந்து, அடுத்த வருஷம் பட்டேல் இன்னொருத்தன்ட அந்தரத்தில வாங்கினான். பப்ராய் அதக் குத்தமாச் சொல்லல்ல, நானும் சொல்லல்ல. ஆனா இவ்வளவு பேர் இந்தக் கதையக் கேட்டிருப்பாங்க, வித்தவன் எங்க எண்டு ஒருத்தரும் கேட்ட மாதிரித் தெரியல்ல. நானும் கேக்கல்ல. 2022 வரைக்கும்.

அந்த ரெண்டு ஏக்கர்

காணி படுவான்கரையில, அதுதான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், கொக்கட்டிச்சோலைக்கு அங்கால ஒரு வயல் வட்டையில. என்ட பெரியம்மாட மகன், எனக்கு அண்ணன், அவர்தான் செஞ்சார், ஆனா காணி மச்சாள்ர. எங்கட பக்கத்தில வீடும் காணியும் பொம்பிளப் பிள்ளைக்குத்தான், இத வேற ஊர் ஆக்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. மச்சாள்ர தாய்க்கு அவட தாயிட்ட இருந்து வந்தது, மச்சாளுக்குச் சீதனமா வந்தது, மச்சாளுக்கு ஒரு மகள் இருக்காள், அப்ப ஓஎல் எடுத்துக்கிட்டு இருந்தாள். மண்முனையில பாலம் போட முந்தி, 2014க்கு முந்தி, நான் சின்னப் பொடியனா அண்ணனோட பாதையில, அதுதான் ஆத்தக் கடக்கிற மிதவையில, ஏறி, அந்தப் பாதையில மோட்டர் சைக்கிளும் மாடும் ஐஸ் பெட்டியுமா ஆத்தக் கடந்து போய், வயல் வாடியில ராத் தங்கியிருக்கன். அண்ணன் பன்றிக் காவலுக்கு இருப்பார், நான் பேய்க் கதை கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பன். அதெல்லாம் வேற காலம்.

2021 மே மாசம் ரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. நவம்பரில வாபஸ் வாங்கினாங்க, ஆனா அதுக்குள்ள பெரும்போக விதைப்பு நடந்திட்டு, யூரியா இல்ல. வயல் மஞ்சளா நிண்டிச்சு. ஏக்கருக்கு வழமையா வாறதில பாதி கூட அண்ணனுக்கு வரல்ல. வெட்டு மிசின்காரனுக்குக் குடுக்கவே காணாம, மச்சாள்ர காப்பு அடகுக்குப் போச்சு. மறுகா 2022 பங்குனியில டொலர் 200ல இருந்து 300ஐத் தாண்டி ஓடிச்சு, சித்திரையில நாடே கடன் கட்ட ஏலா எண்டு அறிவிச்சிட்டு. டீசல் இல்ல, உழவு மிசின் நிக்குது. சிறுபோகம் செய்யவே இல்ல. ஆடி ஆவணி போல அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார், ருமேனியாவுக்குப் போறது எண்டு, ஏஜென்சிக்காரன் ஒரு தொகை கேட்டான். ஊரில பாதிப் பேர் அப்பிடித்தான் போனாங்க, வந்தாறுமூலை கம்பஸில படிச்ச பொடியனில இருந்து கொத்தனார் வரைக்கும். போறதுக்கு எல்லாரும் எதையோ ஒண்ட வித்தாங்க. ஆட்டோ, மாடு, வளவில பாதி. யாருமே நல்ல விலைக்கு வித்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல.

அண்ணன் முதல்ல வந்தது என்னட்டத்தான். "தம்பி, அங்கால ஆக்களுக்குக் குடுக்க விருப்பமில்ல, நீ எண்டா ரத்தம்" எண்டார். ஏக்கர் எட்டு லச்சப்படி பதினாறு கேட்டார். அந்த வட்டையில நெருக்கடிக்கு முந்தி ஒன்பது, ஒன்பதரை போனது, அதால எட்டே குறைஞ்ச விலைதான். என்னட்ட டியூஷன் காசு பேங்கில பிக்ஸ்ட் டிப்பொசிட்ல கிடந்திச்சு. அந்த நேரம் பிக்ஸ்டுக்கு வட்டி வருஷத்துக்கு 20 வீதத்துக்கு மேல ஏறிட்டு. "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணன்" எண்டன்.

யோசிச்சன். உண்மையாவே உக்காந்து ஏ4 தாளில யோசிச்சன். ஏக்கருக்கு எத்தினை மூட்டை, மூட்டை என்ன விலை, குத்தகைக்கு விட்டா வருஷம் என்ன வரும், அந்த 20 வீத வட்டிய விட்டிட்டு இதில போடுறதெண்டா விலை எவ்வளவா இருக்கணும். பங்கு முதலீட்டில பெரிய ஆசான் பென்ஜமின் கிரகாம் சொன்ன பாதுகாப்பு இடைவெளி எண்டு தாளிட மூலையில எழுதி அதுக்குக் கீழ ரெண்டு கோடும் கீறினன். பெறுமதி ஒரு ரூபாய் எண்டா அறுபது, எழுபது சதத்துக்கு வாங்கு, நீ கணக்கில பிழை விட்டிருந்தாலும் அந்த இடைவெளி உன்னத் தாங்கும். விடை பன்னிரண்டுக்குள்ள வந்திச்சு. இதில ஒரு பிழையும் இல்ல, இப்பவும் அந்தக் கணக்கு சரியான கணக்குத்தான்.

பிழை எங்க எண்டா, எனக்கு ஏஜென்சிக்குக் காசு கட்டுற தேதி தெரியும். ஐப்பசி பத்து. அண்ணன்தான் சொன்னவர், என்னட்ட மறைக்க அவருக்கு என்ன இருக்கு. பப்ராயும், அவர் குருமாரா நினைக்கிற அமெரிக்க முதலீட்டாளர்மார் பஃபெட்டும் மங்கரும் எல்லாரும் ஓயாமச் சொல்லுறது பொறுமைதானே, காசு வாங்குறதிலயும் இல்ல விக்கிறதிலயும் இல்ல, காத்திருக்கிறதிலதான் எண்டு. நான் காத்திருந்தன். மூண்டு கிழமை. போன் எடுத்தா "பார்த்துக்கிட்டு இருக்கன் அண்ணன்". மற்ற நாளும் "பேங்கில கொஞ்சம் இழுபறி". பேங்கில ஒரு இழுபறியும் இல்ல. அவர் வேற ரெண்டு மூண்டு பேரிட்டயும் கேட்டிருக்கார், ஒருத்தரிட்டயும் காசில்ல எண்டு எனக்குத் தெரியும், அந்த நேரம் யாரிட்ட இருந்திச்சு? புரட்டாதி கடைசியில அவரே எடுத்து, "நீ எவ்வளவு சொல்லுறாய் தம்பி" எண்டு கேட்டார். ரெண்டு ஏக்கருக்கும் பதினொண்டரை எண்டன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிட்டு எண்டு நினைச்சன். மறுகா "சரி" எண்டார்.

நொத்தாரிசு வீட்டில

உறுதி எழுதப் போனம். நொத்தாரிசு அவரிட வீட்டு விறாந்தையிலதான் வேலை, ஒரு பழைய மேசை, சுவரில சாய்பாபா. காணி மச்சாள்ர எண்டதால அவதான் கையெழுத்துப் போடணும். அண்ணன் வெளிய மாமரத்துக்குக் கீழ யாரோடயோ போன் பேசிக்கிட்டு நிண்டார், உள்ளுக்கு வரவே இல்ல. நொத்தாரிசு எல்லையெல்லாம் வாசிச்சார், வடக்கு வாய்க்கால், கிழக்கு இன்னாருடைய காணி எண்டு. மச்சாள் தலையக் குனிஞ்சுகிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தா. பெறுமதிய வாசிக்கிற இடம் வந்ததும் நிமிர்ந்து என்னப் பார்த்து, கோவமில்ல, கேலியுமில்ல, சும்மா ஒரு விசயத்த விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டா, "காசு முதல்லயே கையில இருந்ததாமே தம்பி?"

என்ட மனிசி சொல்லியிருக்கா. ரெண்டு பேரும் கோயிலுக்குப் போற நேரம் கதைச்சிருக்காங்க, பிக்ஸ்ட உடைச்சு வைச்சிருக்கார் உங்கட காணிக்குத்தான் எண்டு மனிசி நல்லெண்ணத்திலதான் சொல்லியிருக்கா. ஆவணியிலயே.

நான் என்ன சொன்னன் எண்டு இப்ப எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, "அது இல்ல மச்சாள், பேங்கில..." எண்டு ஏதோ தொடங்கினன். அவ முடிக்க விடல்ல. "சரி சரி, எங்க போடணும் ஐயா" எண்டு நொத்தாரிசிட்டக் கேட்டு, பேனைய வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலயும் கையெழுத்துப் போட்டா. அழகான கையெழுத்து, சங்கீதம் படிச்ச ஆள். போட்டு முடிச்சு எழும்பும்போது ஒரு ஷொப்பிங் பேக்க என்னட்ட நீட்டினா, அதுக்குள்ள வாடிச் சாவியும் ரெண்டு பழைய மண்வெட்டிப் பிடியும் வட்டைக்குத் தண்ணி பாக்கிற வட்டவிதானைட போன் நம்பர் எழுதின துண்டும்.

அவ்வளவுதான் நடந்தது. சண்டையில்ல, பேச்சு வார்த்தை நிக்கல்ல. அடுத்த கிழமை பணியாரம் கூடச் செஞ்சு அனுப்பினா.

விக்கிறவர்ர முகம்

நான் இதக் கொழும்பில புரோக்கர் கம்பனியில வேலை செய்யிற ஒரு கூட்டாளியிட்டச் சொன்னன். அவன் சிரிச்சான். "மச்சான், நீ வாங்காட்டி அவர் பத்துக்கு வித்திருப்பார், இல்லாட்டி மீற்றர் வட்டிக்காரனிட்ட உறுதிய ஈடு வைச்சு காணியையும் இழந்திருப்பார். எல்லாரும் ஓடுற நேரம் வாங்குறதுக்கு ஒருத்தன் நிக்கிறான் எண்டதே விக்கிறவனுக்கு உதவிதான்." இது சரியான வாதம், என்னால மறுக்க ஏலா. நானே அதே 2022ல கொழும்புப் பங்குச் சந்தையிலயும் கொஞ்சம் வாங்கினன். தை மாசம் 13,000 வரைக்கும் போன சுட்டெண் ஒரு சில மாசத்தில எட்டாயிரத்துக்குக் கீழ வந்திட்டு, அதில நான் வாங்கின பங்க வித்தவர் யார் எண்டு எனக்குத் தெரியா, அவருக்கும் என்னத் தெரியா. அவருக்கும் ஒரு ருமேனியா இருந்திருக்கும். ஆனா அதில எனக்கு ஒரு நாளும் நித்திரை கெடல்ல. இது நேர்மையா, இல்லாட்டி வெறும் தூரமா எண்டதுதான் எனக்குத் தீராத கேள்வி.

கிரகாம் சந்தைய ஒரு மனிசனா வைச்சுச் சொல்லுவார். ஒவ்வொரு நாளும் உங்கட கதவத் தட்டி ஒரு விலை சொல்லுற பங்காளி, ஒரு நாள் குஷியில கூட்டிச் சொல்லுவார், ஒரு நாள் பயத்தில அடிமாட்டு விலைக்குத் தாறன் எண்டுவார், நீங்க அவர்ர மனநிலைக்கு இழுபடாம வாங்கணும் எண்டு. நல்ல உவமை. ஆனா அந்தப் பங்காளி வீட்டில குமர் இல்ல. நேத்து மறுத்தாலும் இண்டைக்கு முகம் கோணாம வந்து நிப்பார், அவரிட்ட நீங்க மூண்டு கிழமை இல்ல மூண்டு வருஷம் பொறுத்தாலும் அது பொறுமைதான். அண்ணனிட்டப் பொறுத்தது பொறுமையில்ல. அதுக்கு வேற சொல் இருக்கு. காணிய மலிவா வாங்கினது எனக்கு இப்பவும் பிழையாத் தெரியல்ல, பதினாறு லச்சத்துக்கு "ஏலா அண்ணன், என்னால பதினொண்டரைதான்" எண்டு முதல் நாளே சொல்லியிருந்தா, அவர் இன்னொரு மாசம் வேற இடத்தில தேடியிருக்கலாம், தேதியப் பின்னுக்குப் போடக் கேட்டிருக்கலாம், மச்சாள்ர தமையன் கட்டாரில இருக்கார் அவரிட்டக் கேட்டிருக்கலாம். அந்த மூண்டு கிழமையத்தான் நான் எடுத்தன். அதுக்கு விலை போடல்ல.

இன்னொண்டு. கிரகாமும் ஒரு வந்தேறிதான். 1894ல லண்டனில பிறந்து ஒரு வயசில நியூயோர்க் வந்த பிள்ளை. ஒன்பது வயசில தகப்பன் செத்துப் போனார், குடும்ப யாவாரம் படுத்திச்சு, தாய் கொஞ்சக் காசக் கடன் வாங்கிப் பங்கில போட்டு 1907ல சந்தை விழுந்ததில அதையும் துலைச்சா. ஒரு விதவைப் பொம்பிளை, மூண்டு ஆம்பிளப் பிள்ளையளோட. அந்த வருஷம் அந்தப் பங்க அடி விலைக்கு எடுத்தவன் ஒருத்தன் இருந்திருப்பான், அவனுக்கும் பாதுகாப்பு இடைவெளி நல்லா இருந்திருக்கும். இடைவெளியப் பத்தி உலகத்துக்கே படிப்பிச்ச மனிசன் அந்தப் பக்கத்தில இருந்து வந்தவர் எண்டத நான் காணி வாங்கினாப் பிறகுதான் கவனிச்சன். அதுக்கு முந்தியும் வாசிச்சிருப்பன், கண்ணில படல்ல.

பப்ராயும் ஒண்டும் அடிபடாத ஆள் இல்ல. 2007 கடைசியில டெல்டா ஃபைனான்சியல் எண்ட வீட்டுக்கடன் கம்பனி வங்குரோத்தாகி அதில போட்டது கிட்டத்தட்ட முழுக்கப் போச்சு. 2008 நெருக்கடியில நிதியத்திட பெறுமதி பாதிக்கு மேல விழுந்திச்சு. அதே வருஷம்தான் பஃபெட்டோட சாப்பிட்ட பிரசித்தமான பகல் சாப்பாடு, கை ஸ்பியர் எண்ட கூட்டாளியோட சேர்ந்து ஏலத்தில 650,100 டொலர் குடுத்தது, காசு சன் பிரான்சிஸ்கோவில வறிய ஆக்களுக்கு உதவுற ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போச்சு. அவர் நிதியத்தில கட்டணம் வாங்குற முறையும் எனக்குப் பிடிக்கும், முதல் ஆறு வீத லாபம் முழுக்கக் காசு போட்டவங்களுக்கு, அதுக்கு மேல வாறதில கால்வாசிதான் அவருக்கு, லாபமில்லாட்டி அவருக்கு ஒண்டுமில்ல. தக்சணா எண்டு ஒண்டும் நடத்துறார், இந்தியாவில வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளையள எடுத்து ஐஐடி நுழைவுப் பரீட்சைக்குப் பயிற்சி குடுக்கிறது. நான் டியூஷன்காரன், அதில எவ்வளவு வேலை இருக்கு எண்டு எனக்குத் தெரியும், உண்மையிலயே பெரிய விசயம். ஆனா அது ஊருக்குச் செய்யிறது. நான் தேடுறது நொத்தாரிசு வீட்டு விறாந்தையில என்ன செய்யிறது எண்டத. அதுக்கு யூடியூப்பில ஒண்டும் இல்ல, நான் தேடிப் பார்த்திட்டன், ரெண்டு மூண்டு ராத்திரி.

நானும் சும்மா இருக்கல்ல. 2023 பெரும்போகம் குத்தகைக்கு விட்டு வந்த காசில ஒரு பங்க மகள்ட படிப்புக்கு எண்டு மச்சாளிட்டக் கொண்டு போனன். வாங்கல்ல. "உங்கட காணி உங்கட காசு தம்பி, பிள்ளைக்குத் தகப்பன் அனுப்புறார்" எண்டு தேத்தண்ணி தந்தா. இந்தத் தேத்தண்ணிய நான் எப்பிடிக் குடிச்சன் எண்டு கேக்காதீங்க. அதுக்குப் பதிலா அந்தப் பிள்ளைக்கு ஏஎல் கணக்கீடு சும்மா சொல்லிக் குடுக்கிறன், அவள் கெட்டிக்காரி, ஐந்தொகை ஒரு தடவையில சமப்படுத்துவாள். அது ஈடாகுமா எண்டா ஆகாது. ஒண்டுக்கொண்டு வேற வேற பேரேடு.

கார்த்திகை வெள்ளம்

2024 கார்த்திகைக் கடைசியில அடிச்ச மழையும் வெள்ளமும் இந்தப் பக்கத்து ஆக்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்பாறையில இருந்து வாழைச்சேனை வரைக்கும் வட்டையெல்லாம் கடல். அந்தப் போகம் நான் குத்தகைக்கு விடாம நானே செஞ்சன், புத்திசாலித்தனமா. விதைச்சு ஒரு மாசப் பயிர். விடிய நாலு மணியிருக்கும், போன் அடிக்குது, ருமேனியாவில இருந்து அண்ணன். அங்க நடுச்சாமம், வேலை முடிஞ்சு வந்திருக்கார். ஹலோ கூடச் சொல்லல்ல. "தம்பி, வட்டைக்குத் தண்ணி வந்திட்டா?"

வந்திருக்கும் அண்ணன், விடியட்டும் போய்ப் பாக்கிறன் எண்டன்.

"விடிய விடாத. வடக்கு வாய்க்கால் பக்கம் மருத மரம் நிக்குதே, அதுக்கு நேர இருக்கிற வரம்புதான் முதல்ல உடையும், 2011 வெள்ளத்திலயும் அதுதான் உடைஞ்சது. மண்மூட்டை ஒரு பதினைஞ்சு போட்டாக் காணும். வட்டவிதானைட்டச் சொல்லி கீழ் மதகத் திறக்கச் சொல்லு, அந்தாள் போன் எடுக்க மாட்டான், வீட்ட போ." எந்தச் சந்தியால போனா ரோட் முழுகியிருக்காது, யார்ர டிரக்டர் அந்த நேரத்திலயும் வரும் எண்டெல்லாம் சொல்லிக்கிட்டே போறார். நான் கட்டிலில இருந்துகிட்டு ஓம் ஓம் எண்டுறன். இதெல்லாம் உறுதியில இல்ல. ஏ4 தாளிலயும் இல்ல.

போனன். ரோட் முழுகியிருந்திச்சு, அவர் சொன்ன பாதையும் முழுகியிருந்திச்சு. பாலத்துக்கு இங்காலயே நிண்டிட்டுத் திரும்பி வந்தன். மூணாம் நாள் போய்ப் பார்க்கக்குள்ள மருத மரத்துக்கு நேர வரம்பு இல்ல, அதால புகுந்த மணல் அரை ஏக்கருக்கு மேல மூடிக் கிடந்திச்சு. படம் எடுத்து வாட்ஸப்பில அனுப்பினன். கன நேரம் நீலக் கோடு விழுந்து கிடந்திச்சு, பதில் இல்ல. பின்னேரம்தான் ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்திச்சு. மணல உடன அள்ளாத, தை வெயில் பட்டாப் பிறகு அள்ளு, இப்ப அள்ளினா மேல் மண்ணும் சேர்ந்து போகும் எண்டு சொல்லிட்டு, கொஞ்சம் நிப்பாட்டி, பின்னால யாரோ பாத்திரம் கழுவுற சத்தம் கேக்குது, மறுகா சொன்னார், "நீ அத எப்பயாவது விக்கிறதெண்டா தம்பி, முதல்ல எனக்கு ஒரு சொல் சொல்லு."

சொல்லுவன் அண்ணன் எண்டு அனுப்பினன். என்ன விலைக்கு எண்டு அவரும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. பக்கத்துக் காணி இப்ப ஏக்கர் பதினாலுக்குப் போயிருக்கு, கல்யாண வீட்டு மாமா சொன்னது அதத்தான்.